இரண்டாம் கடவு

"உன் இடதா, என் இடதா?"

டெஸ் நோஸ்கே வண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டார். பின்னால், மழைநீர்த் தொட்டிக்கும் வேலிக்கும் நடுவில் நின்று கரின் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்கு இடதுப்பா!"

"வண்டிக்கு ஏதுடி இடது? அதுக்குக் கையா இருக்கு?"

"கண்ணாடியப் பாத்து ஓட்டு. தலைய நீட்டித் திரும்பிப் பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும்."

"உங்கம்மா கறி வண்டிக்கு இப்படியெல்லாம் கைய ஆட்டினதில்ல. பின்கதவத் தட்டுவா. ஒரு தட்டுன்னா நில்லு, ரெண்டு தட்டுன்னா வா. முடிஞ்சுது."

"அதுல எத்தன தடவ கதவு நசுங்குச்சு?"

"நசுங்கினா என்ன, உள்ள இருந்த கறியா கெட்டுப்போச்சு?"

எப்படியோ வண்டி உள்ளே வந்து சேர்ந்தது. தொட்டியில் ஒரு கீறல் விழுந்தது. அது அங்கே முன்பே இருந்தது என்று டெஸ் சாதித்தார். குழாயை மாட்டித் தண்ணீர் நிரப்பினார்கள். தேநீர் குடித்தார்கள். மறுநாள் காலை கரின் எழுந்திருக்கும்போது வண்டி இல்லை. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். போர்ட் அகஸ்டாவில் அவள் வீட்டுப் பக்கத்துச் சந்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு மோட்டார்ஹோமைப் பின்னுக்கு எடுத்தது.

டெஸ் வாழ்நாளெல்லாம் ஓரோரு என்ற சிற்றூரில் கறிக்கடை வைத்திருந்தவர். வலது ஆள்காட்டி விரலின் பாதியை எலும்பு அறுக்கும் ரம்பம் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருந்த அரை விரலை அவர் வேறு எதற்குப் பயன்படுத்தினாரோ தெரியாது, ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் தூக்கிக் காட்டப் பயன்படுத்தினார். அந்தப் பக்கத்துச் சாலைகளில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரு விரல் தூக்குவார்கள். டெஸ் தூக்கியது அரை விரல். தூரத்திலிருந்தே ஆளைக் கண்டுகொள்வார்கள். அடுத்தவர் செய்த சாசேஜை அவர் தொட்டதில்லை. வாடிக்கையாளர் கேட்ட கறியை மறுநாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதும் இல்லை.

கடையை விற்ற பணத்தில் மோட்டார்ஹோமுக்குச் சொல்லிவைத்தது அவர் மனைவி ஹேசலின் யோசனை. வண்டியின் பின்பக்கத்தில் ஒட்டவேண்டிய எழுத்துகளையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். பச்சை எழுத்துகள்: டெஸ், ஹேசல், ரேடியோ சேனல் பதினெட்டு. ஊர் சுற்றுகிற ஓய்வுபெற்ற தம்பதிகள் எல்லோரும் அப்படித்தான் ஒட்டிக்கொள்வார்கள், பின்னால் வருகிறவர்கள் வண்டி ரேடியோவில் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசலாம் என்று. வண்டி வந்து சேருவதற்குள் ஹேசல் போய்விட்டாள். எழுத்துகள் ஒட்டப்பட்டு வந்தன. டெஸ் அவற்றை எடுக்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் குவார்ன், ஹாக்கர் வழியாக ஃப்ளிண்டர்ஸ் மலைக்குப் போய், ஒவ்வொரு மலையிடுக்காக நுழைந்து, வறண்ட ஓடைக் கரைகளில் தங்கி, காசு தீர்ந்ததும் திரும்பி வந்தார்.

கரின் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறாள். போன் வந்தபோது தண்டவாளத்தின் ஓரத்துப் பெட்டி ஒன்றுக்குள் தலையை விட்டு ஒரு கேபிளைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"ஹாக்கர் போலீஸ்லேர்ந்து பேசுறேம்மா. உங்க அம்மா உங்ககிட்ட கடைசியா எப்பப் பேசினாங்க?"

"யாரு?"

"உங்க அம்மா. ஹேசல் நோஸ்கே. எங்க போறேன்னு ஏதாவது சொன்னாங்களா? நடக்கிறப்ப கோல் வெச்சுக்குவாங்களா? என்ன கலர் சட்டை போடுவாங்க?"

கரினுக்குக் கையிலிருந்த மீட்டர் கனத்தது. "அவங்க போய் ஆறு வருஷம் ஆச்சு சார்."

"எங்க போய்?"

"இறந்து போய்."

அந்தப் பக்கம் அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரையோ பார்த்துக் கத்துவது கேட்டது. "ஏய், நிறுத்துங்கப்பா! ஓடைக்குள்ள போனவங்கள எல்லாம் கூப்பிடு! அந்தம்மா இல்லையாம்!"

"எங்கம்மாவ நீங்க எதுக்குத் தேடுறீங்க? அப்பாகிட்ட கேட்டிருக்கலாமே?" என்றாள் கரின்.

கேட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது. அவர் முதலில் சொல்லியிருக்கவேண்டியதை இப்போது சொன்னார். பரசில்னா இடுக்கில், ஓடைக்கரையில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி. சாலை சமன்செய்கிற வண்டிக்காரர் காலையில் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி. மேசையில் இரண்டு கோப்பை. வண்டிக்குப் பின்னால் இரண்டு பெயர். புருஷன் இப்படிக் கிடக்கிறாரே, பெண்டாட்டி உதவி தேடி ஓடைக்குள் ஓடிப் போய்த் தொலைந்துவிட்டாள் போலிருக்கிறது என்று, பூங்காக் காவலர்களும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் மத்தியானம் வரை "ஹேசல், ஹேசல்" என்று கூப்பிட்டுக்கொண்டு மலையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

ஓரோரு லூத்தரன் கல்லறையில் ஹேசலுக்குப் பக்கத்தில் டெஸ்ஸைப் புதைத்தார்கள். மாரடைப்பு, ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். வந்தவர்களும் அதையே சொன்னார்கள். கரின் தலையாட்டினாள். அவள் மனசு அதில் இல்லை. இரண்டாவது கோப்பை யாருக்கு? அதிலேயே நின்றுவிட்டாள்.

ஹாக்கருக்கு வண்டியை எடுக்கப் போனபோது போலீஸ்காரரிடம் கேட்டாள்.

"ரெண்டு கோப்பையிலயும் டீ இருந்துச்சா?"

"ஒண்ணுல பாதி. இன்னொண்ணு நெறைய. எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு."

"யாராவது கூட இருந்திருப்பாங்களா?"

"இருந்திருந்தா எங்களுக்குச் சொல்லியிருப்பாங்களேம்மா." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயசானவங்க இல்லையா. சில சமயம் பழைய ஞாபகத்துல ஊத்தி வெப்பாங்க" என்றார்.

அதுதான் அவளைக் குடைந்தது. கூட யாராவது இருந்திருந்தால் அப்பா தனியாகச் சாகவில்லை. யாரும் இல்லையென்றால், செத்துப்போன மனைவிக்கு டீ ஊற்றி வைக்கிற நிலையில் இருந்த மனிதரை அவள் தண்ணீர் நிரப்பி மலைக்கு அனுப்பியிருக்கிறாள். அன்று இடது வலதைக் கேட்டாரே, அது விளையாட்டா, நிஜமாகவே தெரியவில்லையா? ஒரு சிக்னல் பச்சை காட்டுகிறதா சிவப்பு காட்டுகிறதா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியும். இதற்கு மீட்டர் இல்லை.

தெற்கே போர்ட் அகஸ்டாவுக்குத் திரும்பவேண்டிய வண்டியை அவள் திருப்பவில்லை. ஹாக்கரில் இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாமில் நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். படுக்கையில் அப்பாவின் கம்பளிச் சட்டை கிடந்தது. மடிப்பதா, துவைப்பதா என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவை யாரோ தட்டினார்கள்.

"ஹேசல்! எழுந்திரும்மா. எத்தன வருஷம்தான் படுத்தே கெடப்ப?"

கரின் அசையவில்லை.

"டெஸ், அவள வெளிய கொண்டாய்யா. அஞ்சு மணி ஆச்சு. இன்னிக்கு நான் அவ மூஞ்சியப் பாக்காம போறதில்ல."

கதவைத் திறந்தாள். வெளியே கையில் மடக்கு நாற்காலியும் ஒயின் கோப்பையுமாக ஒரு பெண்மணி நின்றிருந்தார். பின்னால் சீஸ் தட்டைத் தாங்கிக்கொண்டு அவர் கணவர். முகாம்களில் மாலை ஐந்து மணிக்கு அவரவர் நாற்காலி, அவரவர் குடி என்று வட்டம் போட்டு உட்காருவார்கள். அதற்குக் கூப்பிட வந்திருக்கிறார்கள்.

"நீ ஹேசல் இல்ல" என்றார் அந்த அம்மாள்.

"நான் கரின். அவங்க பொண்ணு."

"அய்யோ, உன்னப் பத்தித்தான் டெஸ் ஓயாம பேசுவாரே, ரயிலுக்கு வெளக்குப் போடுற பொண்ணு! நான் ஷெர்லி. இது நெவில். எங்க உங்கம்மா? இன்னும் படுத்திருக்காளா?"

கரின் சொன்னாள். இரண்டு பேரைப் பற்றியும். சுருக்கமாகத்தான் சொன்னாள், வேறு மாதிரி சொல்ல அவளுக்கு வராது.

ஷெர்லி நாற்காலியை விரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "டெஸ்ஸா? நாங்க கேமன்ஸ் மலைக்குள்ள இருந்தோம்மா, ஒண்ணுமே காதுல விழல." ஒயின் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஹேசல் ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"போன குளிர்காலம் என்கிட்ட பேசினாளே!"

"எங்க பேசினாங்க?"

"ரேடியோல. ப்ளின்மன் மேட்டுல. 'ஹேசல் பேசுறேன், எங்க வீட்டுக்காரரு வண்டிய ஓரமா நிறுத்தட்டும், நீங்க முன்னால போங்க'ன்னா. ஆட்டுக்கால எப்படி வதக்கணும்னுகூடச் சொன்னா."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"தொண்டையில கூழாங்கல்லு உருண்ட மாதிரி. சிரிச்சான்னா ரேடியோவே அதிரும்."

ஹேசல் தேவாலயப் பாட்டுக் குழுவில் உச்சக் குரலில் பாடியவள். மெல்லிய, கண்ணாடிக் கம்பி மாதிரிக் குரல்.

"அது எங்கம்மா இல்ல" என்றாள் கரின்.

"அப்ப யாரு?" என்றார் நெவில்.

"நெவில், வாய மூடு."

"நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? டெஸ் வண்டியில ஒரு பொம்பள..."

"சீஸ் தட்ட அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வாய மூடுன்னேன்."

நெவில் தட்டைக் கொடுத்தார். கரின் அதை வாங்கிக்கொண்டு நின்றாள். பசியில்லை. ஆனாலும் தின்றாள். போகும்போது ஷெர்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா மேல கோபமா?"

"தெரியல" என்றாள் கரின். உண்மையில் தெரியவில்லை. அப்பாவின் புத்தி பேதலித்திருந்தது என்று இவ்வளவு நேரம் பயந்தவள், அவருக்கு ஒரு பெண் இருந்தாள் என்றால் சந்தோஷப்படவேண்டுமா? அந்தப் பெண் அன்றைக்கு அங்கே இருந்தாளா? இருந்துவிட்டு, பிணத்தை நாற்காலியில் விட்டுவிட்டு, டீயைத் தொடாமல் போய்விட்டாளா?

மறுநாள் சமவெளிச் சாலையில் பரசில்னாவுக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி மலைக்குள் நுழைந்தாள். எதிரே வந்த பலர் வண்டியை அடையாளம் கண்டு விரலைத் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள், முழு விரலை. ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனதைக் கண்ணாடியில் கண்டாள்.

இடுக்குக்குள் பாதையும் ஓடையும் ஒன்றையொன்று விடாமல் பின்னிக்கொண்டு போகும். பாதை ஓடையில் இறங்கி ஏறுகிற ஒவ்வொரு இடமும் ஒரு கடவு. கூழாங்கல்லும் காய்ந்த மணலும்தான், தண்ணீர் எப்போதாவது. முதல் கடவில் இறங்கி ஏறினாள். சுவர்கள் இரண்டு பக்கமும் எழுந்தன. சிவப்புக் கல் அடுக்கடுக்காகச் சாய்ந்து, யாரோ புத்தகங்களை அவசரமாக அலமாரியில் திணித்த மாதிரி நின்றது. இரண்டாம் கடவில் ஒரு பெரிய தைலமரம். அதன் அடியில் போலீஸ்காரர் சொன்ன இடம். சக்கரத் தடம்கூட அப்படியே இருந்தது.

அங்கேயே நிறுத்தினாள். நாற்காலிகள் இரண்டையும் எடுத்து வெளியே போட்டாள். ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள், பிறகு மற்றதில். இரண்டிலிருந்தும் அதே கல்தான் தெரிந்தது. மரத்தில் வெள்ளைக் கிளிகள் கூட்டமாகச் சண்டை போட்டன. சின்னக் கங்காரு மாதிரி ஒரு பாறை வாலபி சரிவிலிருந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. அப்பா ஏன் இங்கே? அவருக்குப் பிடித்த இடம் ப்ரச்சினா இடுக்கு என்று எப்போதும் சொல்வார். இங்கே வந்து நின்று, இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு கோப்பை ஊற்ற என்ன இருந்தது?

ரேடியோவை எடுத்தாள். பதினெட்டாம் சேனல். "யாராவது கேக்குறீங்களா? இது டெஸ் நோஸ்கே வண்டி."

இரைச்சல் மட்டும். அவளுக்கு அதில் வியப்பில்லை. இந்த ரேடியோ அலை நேர்க்கோட்டில் போவது. கல்லைத் துளைக்காது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாளமே இருந்தாலும் கேட்காது.

அன்று அங்கேயே தூங்கினாள். காலையில் திரும்பிப் போகத்தான் நினைத்தாள். ஆனால் அவ்வளவு நீள வண்டியை அந்த இடத்தில் திருப்பப் பின்னால் ஆள் வேண்டும். ஆள் இல்லாததால் நேராகவே போனாள், ப்ளின்மன் பக்கம். கடவு கடவாக இறங்கி ஏறினாள். சுவர்கள் தாழ்ந்து, குன்றுகள் விரிந்து, வானம் கொஞ்சம் அகலமானதும் ரேடியோ திடீரென்று கரகரத்தது.

"டெஸ் நோஸ்கே! உன் வண்டிய எனக்குத் தெரியாதா? தலைய ஒளிச்சுக்கிட்டு நழுவாத. வெக்கமா இல்ல உனக்கு?"

தொண்டையில் கூழாங்கல் உருண்ட குரல். கரினின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்கு சுட்டு வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் காத்திருந்தேன்யா! ஹேசலுக்கு ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிடாத, சொல்லிட்டேன்."

ஓடையோரம் ஒரு சின்ன வெள்ளை வண்டி நின்றிருந்தது. படியில், ஒரு ராட்சதன் கழற்றிப் போட்ட மாதிரி, மிகப் பெரிய ஆண் பூட்ஸ் ஒரு ஜோடி. பக்கத்தில் புகைகிற விறகு அடுப்பு. ரேடியோவைக் கையில் பிடித்தபடி குட்டையான, நரைத்த பின்னல் போட்ட ஒரு பெண்மணி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

கரின் வண்டியை நிறுத்தி இறங்கினாள். அந்த அம்மாள் கை இடுப்பிலிருந்து மெல்ல இறங்கியது.

"நீ கரின்" என்றார். "அதே நெத்தி. எங்க அவன்? ஒளிஞ்சிருக்கானா?"

கரின் பூட்ஸைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் இருக்காரா? உள்ள?"

"ஃப்ராங்கா? அவன் பூட்ஸ் மட்டும்தான். பழைய சாமான் கடையில வாங்கினது. தனியா சுத்துற பொம்பள, ராத்திரி எவனாவது எட்டிப் பாத்தா படியில இதப் பாத்துட்டு ஓடட்டும்னு. என் பேரு ஏவிஸ். இப்ப சொல்லு, எங்க உங்கப்பன்?"

சொல்ல வேண்டியதாயிற்று. கரினுக்கு இது எத்தனையாவது முறையோ. இம்முறை வாக்கியம் நடுவில் அறுந்தது.

ஏவிஸ் அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து அடுப்பில் வைத்தார்.

"என்னிக்கு?"

"ரெண்டு வாரம் ஆச்சு. ஞாயித்துக்கெழமன்னு நெனைக்கிறாங்க. திங்கள் காலையில பாத்தாங்க."

"எங்க?"

"கீழ. இடுக்குக்குள்ள. ரெண்டாவது கடவுல."

"இல்ல" என்றார் ஏவிஸ். "ரெண்டாவது கடவுல நான்ல இருந்தேன். ஞாயிறு முச்சூடும் இருந்தேன். இதோ இதுதான் ரெண்டாவது கடவு. ப்ளின்மன்லேர்ந்து வந்தா..."

நிறுத்திவிட்டார்.

கரினுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு கை தானாகவே மேற்கே நீண்டது. "அப்பா அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாரு."

"சனிக்கெழம ரேடியோல பேசினோம். அவன் பெல்ட்டனா பக்கம் வந்துக்கிட்டிருந்தான், நான் மேட்டுல இருந்தேன், தெளிவாக் கேட்டுச்சு. 'நாளைக்கு ரெண்டாவது கடவுல டீ'ன்னேன். 'சரிம்மா'ன்னான். எந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டாவதுன்னு நானும் சொல்லல, அவனும் கேக்கல. யாரு கேப்பா? அவங்கவங்க வந்த பக்கத்துலேர்ந்துதானே எண்ணுவாங்க."

ரயில்வேயில் ஒரு பாதைக்கு ஒரே தொடக்கம்தான். தூரம் காட்டும் கல் நடுவது அங்கிருந்துதான், யார் எந்தப் பக்கம் போனாலும். கரின் அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

"நீங்க கூப்பிட்டுப் பாக்கலையா?"

"தொண்ட வறளக் கூப்பிட்டேன். மலை விடுமா? ஏமாத்திட்டான்னு கோவத்துல திங்கக்கெழம சாயங்காலமே வடக்க கெளம்பிட்டேன். அங்க ஒரு ஆளு சொன்னாரு, பரசில்னாவுல ஒரு கெழவர் செத்துட்டாரு, பொண்டாட்டியக் காணலன்னு. பாவம் அந்தப் பொம்பளன்னு நெனச்சேன். ரெண்டு நாளா அவளையே நெனச்சுக்கிட்டிருந்தேன்." ஏவிஸ் கரினைப் பார்த்தார். "டெஸ்ஸுக்கு ஏது பொண்டாட்டி? அதனால அவன்னு தோணவே இல்லம்மா."

"ரேடியோல ஹேசல்னு பேசினது நீங்கதானே?"

ஏவிஸ் முகம் சிவந்தது. "அவன் வண்டியில ஏறி ஒரு நாள் ப்ளின்மன் போனேன். ஒருத்தி விடாம 'ஹேசல், ஹேசல்'னு கூப்பிட்டா. அவன் மைக்க என் கையில குடுத்துட்டுச் சிரிக்கிறான். அதுக்கப்பறம் அதுவே ஒரு வெளையாட்டு. அவன் காலையில கூப்பிட்டு 'ஃப்ராங்க் எப்படி இருக்காரு?'ம்பான். 'கொறட்ட விடுறாரு, ஹேசல் எப்படி?'ம்பேன். 'படுத்திருக்கா'ம்பான். உனக்குத் தப்பாத் தோணுதா?"

"அப்பாவுக்குத் தெரியும்தானே? அம்மா இல்லன்னு?"

"என்ன கேள்வி இது! அவ போன கதைய மொத நாளே என்கிட்ட சொல்லி அழுதான். அப்பறம் என் சாசேஜப் பாத்துட்டு அதுக்கும் அழுதான்."

கரின் சிரித்தாள். சிரிப்பு வேறு ஏதோவாக மாறியது. அடுப்புப் புகைதான் என்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கோப்பை இவருக்கு. அப்பாவின் புத்தி சரியாகத்தான் இருந்தது. அவர் ஒரு பெண்ணுக்காக டீ ஊற்றி வைத்துக் காத்திருந்தார். அந்தப் பெண் மலைக்கு இந்தப் பக்கம் அதே நேரத்தில் அவருக்காகக் கேக் வைத்துக் காத்திருந்தார். அப்படியென்றால் அவர் தனியாகச் செத்தாரா, இல்லையா? கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த பதிலை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது நிம்மதிதானா என்பதும் விளங்கவில்லை.

"அவரு கோவமா இருந்திருப்பாரா?" என்று கேட்டாள். "உங்களுக்கு டீ நெறைய ஊத்தி வெச்சிருந்தாரு. நீங்க வரலன்னு?"

"டீய நிரப்பி வெச்சிருந்தான்னியே. நான் வரமாட்டேன்னு நெனச்சவன் ஊத்துவானா?" என்றார் ஏவிஸ். பிறகு, "எனக்கென்ன தெரியும். நான் இங்கதானே இருந்தேன்" என்றார்.

கெட்டில் கொதித்து வழிந்தது. ஏவிஸ் துணியைச் சுற்றி அதை இறக்கி டீ போட்டார். புகை திசைமாறி இருவர் முகத்திலும் அடித்தது.

"விறகுலதான் சமைக்கிறீங்களா?" என்றாள் கரின். பேச வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"வேற வழி? என் சிலிண்டர் உங்கப்பன்கிட்டல்ல இருக்கு. ஹாக்கர்ல ரொப்பித் தரேன்னு வாங்கிட்டுப் போனான். என்னால அதத் தூக்க முடியாது, தோள்பட்ட போச்சு. உங்க வண்டியில பக்கவாட்டுப் பெட்டியில பாரு. நீலக் கலர்."

கரின் போய்ப் பெட்டியைத் திறந்தாள். வண்டியின் சாம்பல் நிற சிலிண்டர்கள் இரண்டுக்கும் பின்னால், கயிறு போட்டு ஆடாமல் கட்டிய சின்ன நீலச் சிலிண்டர் ஒன்று இருந்தது. கனமாக இருக்கும் என்று நினைத்து இழுத்தாள். வெறும் டப்பா மாதிரி கையோடு வந்து நெஞ்சில் இடித்தது.

"காலியா இருக்கு."

"காலியாத்தான் குடுத்தேன்."

"எப்பக் குடுத்தீங்க?"

"போன குளிர்காலம்."

கரின் சிலிண்டரைத் தரையில் வைத்தாள். அதற்குப் பிறகு அப்பா ஹாக்கர் வழியாக எத்தனை தடவை போயிருப்பார்? போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, இந்த வருஷமும். கேட்ட கறியை அன்றைக்கே கொடுத்து அனுப்பிய கடைக்காரர்.

"நீங்க ஞாபகப்படுத்தலையா?"

"பாக்கிறப்பல்லாம் கேப்பேன். 'அடுத்த தடவ வருவேன்ல, அப்பத் தரேன்'ம்பான்." ஏவிஸ் டீக்கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "மறந்துட்டான்னு நெனைக்கிறியா?"

கரின் குனிந்து வால்வைத் திருப்பிப் பார்த்தாள். காஸ் நிரப்பினால் கடைக்காரர் அதன் மேல் ஒரு மஞ்சள் மூடி மாட்டி அனுப்புவார். மூடி இல்லை. வால்வின் மரையில் ஒரு சிலந்தி நிதானமாக வலை கட்டிக் குடியிருந்தது. அந்தச் சிலிண்டர் பெட்டியிலிருந்து ஒரு முறைகூட வெளியே வரவில்லை.